ஓட்டுச்சீட்டில் ராக்: ஆஸ்திரேலிய இளைஞர் தேர்வும் ஓர் இசைவகையின் ஏற்ற இறக்கமும்

1996ஆம் ஆண்டின் சிறந்த பாடலென்று ஆஸ்திரேலிய இளைஞர்கள் ஓட்டளித்துத் தேர்ந்த பாடல் இரண்டு நிமிடம்கூட ஓடாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கும் ஃபின்லி என்ற சிற்றூரிலிருந்து வந்த ஸ்பைடர்பெய்ட் குழுவின் 'பை மீ எ போனி' அது. புதிய குழுக்களிடம் தேனொழுகப் பேசி ஒப்பந்தத்தில் சிக்கவைக்கும் இசைத்தட்டு நிறுவனங்களைக் கிண்டலடிக்கும் பாட்டு. கிட்டார் இரைச்சலும் டிரம்ஸ் அடியும் மூச்சுவிட இடம் தராமல் ஓடிச் சட்டென்று நின்றுவிடும். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2021க்கான தேர்வில், அதே முதலிடம் 'தி விகிள்ஸ்' குழுவுக்குப் போனது. வண்ணவண்ணச் சட்டை போட்டுக்கொண்டு மழலையருக்குப் பழக்கலவையைப் பற்றிப் பாடுகிற குழு அது.

இரண்டு முடிவுகளையும் தந்தது ஒரே தேர்தல்தான்: 'டிரிபிள் ஜே' வானொலி ஆண்டுதோறும் நடத்தும் 'ஹாட்டஸ்ட் 100'. நடுவர் குழு கிடையாது, விமர்சகர்களுக்குத் தனி மதிப்பு கிடையாது. நேயர்கள் ஓட்டுப் போட்டால் முடிந்தது. 1994 முதல் 2009 வரை இந்தத் தேர்வின் முதலிடம் ஏறக்குறைய ராக் பாடல்களின் குலச்சொத்தாக இருந்தது. 2010க்குப் பிறகு அது கைமாறியது. ஏன்?

இளைஞர்களின் ரசனை மாறிவிட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அந்தப் பதிலில் பொய் இல்லை, ஆனால் விளக்கமும் இல்லை. ஒரு பாடல் உருவாகி இளைஞரின் காதுக்கு வந்து சேரும் வழிதான் இரண்டு முறை மாறியது, அதுவே ராக் பாடல்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பெருமளவு தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தேர்வின் பிறப்பு

டிரிபிள் ஜேயின் மூதாதை 1975 ஜனவரி 19 அன்று சிட்னியில் தொடங்கிய 2ஜேஜே என்னும் ஏஎம் அலைவரிசை. அரசுப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி இளைஞருக்கென்று திறந்த நிலையம் அது. வணிக வானொலிகள் ஒலிபரப்ப மறுத்திருந்த ஸ்கைஹூக்ஸ் குழுவின் பாடலொன்றையே முதல் பாடலாகப் போட்டது. அந்தத் துடுக்கு பின்னாளில் நிலையத்தின் அடையாளமாகவே ஆயிற்று. 1980இல் எஃப்எம்முக்கு மாறியது. 1989இல் மற்ற மாநிலத் தலைநகரங்களுக்கும் 1990களில் ஊர்ப்புறங்களுக்கும் விரிந்தது. இந்தத் தேதிகள் பின்னால் வரும் வாதத்துக்குத் தேவைப்படும்.

தேசிய அலைவரிசையான அதே 1989இல் தேர்வும் தொடங்கியது. யோசனை முற்றிலும் புதிதல்ல. பிரிஸ்பேனின் சமுதாய வானொலியான 4ஸெட்ஸெட்ஸெட் அதற்கு முன்பே நேயர் ஓட்டில் நூறு பாடல்களைத் தேர்ந்துவந்தது. டிரிபிள் ஜேயின் தொடக்க விதிப்படி எந்த ஆண்டில் வெளிவந்த பாடலுக்கும் ஓட்டுப் போடலாம். விளைவு எதிர்பார்க்கத் தக்கதே. 1989, 1990 இரண்டு ஆண்டுகளிலும் ஜாய் டிவிஷன் குழுவின் 1980ஆம் ஆண்டுப் பாடலான 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' முதலில் வந்தது. 1991இல் நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' அதை இறக்கியது. 1992இல் தேர்வு நடக்கவில்லை. 1993 முதல் அந்தந்த ஆண்டில் வெளிவந்த பாடல்களுக்கு மட்டுமே ஓட்டு என்று விதி மாறியது. அந்தப் புதுவிதியின் முதல் வெற்றியாளர், பகடிப் பாட்டொன்றைப் பாடிய அமெரிக்க நகைச்சுவையாளர் டெனிஸ் லியரி. மக்களிடம் ஓட்டைக் கொடுத்தால் விளையாட்டுக்கும் அதில் இடமிருக்கும் என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது.

ஓட்டு முறையைப் பற்றி ஒரு சொல். ஒருவர் பத்துப் பாடல்களைத் தேர்வார். பத்துக்கும் மதிப்பு சமம். உயிரையே விடும் பாடலும் போனால் போகிறதென்று பத்தாவதாகச் சேர்த்த பாடலும் ஒரே எடைதான். தீவிர ரசிகர் சிலரைக் கொண்ட பாடலைவிட, பலருக்கும் ஓரளவு பிடித்த பாடல் இந்த முறையில் எளிதாக மேலே வரும். 2019 தேர்வில் 32 இலட்சம் ஓட்டுகள் விழுந்தன என்ற செய்தியைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆளுக்குப் பத்து என்றால் அது மூன்று இலட்சத்துச் சொச்சம் பேரின் ஓட்டு.

எது ராக்?

'ராக் பாடல் வென்றது' என்று சொல்வதற்கு முன் ஒரு தடங்கல். ஓட்டுப் போட்டவர்கள் இசைவகை பார்த்துப் போடவில்லை. வகைபிரிப்பது பின்னால் வருகிற ஆய்வாளரின் வேலை. கிரான்பெரீஸின் 'ஸோம்பி' (1994), ஓயாசிஸின் 'வொண்டர்வால்' (1995), குவீன்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜின் 'நோ ஒன் நோஸ்' (2002), மெல்பர்ன் குழுவான ஜெட்டின் 'ஆர் யூ கோனா பி மை கேர்ள்' (2003), ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் 'டேக் மீ அவுட்' (2004), மியூஸின் 'நைட்ஸ் ஆஃப் சிடோனியா' (2007), கிங்ஸ் ஆஃப் லியோனின் 'செக்ஸ் ஆன் ஃபயர்' (2008) ஆகியவற்றை ராக் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. விட்லம்ஸ் குழுவின் 'நோ ஆஃப்ரோடிஸியாக்' (1997) பியானோவைச் சாய்ந்துகொண்டு மெல்ல நகரும் தனிமைப் பாட்டு. மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸின் 'லிட்டில் லயன் மேன்' (2009) பாஞ்சோ ஒலிக்கும் நாட்டார் சாயல் பாடல். இவை எல்லைக்கோட்டில் நிற்பவை.

இவற்றைத் தாராளமாக உள்ளே சேர்த்தாலும், கறாராக வெளியே நிறுத்தினாலும், பெரிய படம் மாறாது. 1994 முதல் 2009 வரையிலான 16 வெற்றியாளர்களில் ராப் பாடல் ஒன்றுமில்லை, மின்னணு நடனப் பாடல் ஒன்றுமில்லை. கிட்டாரைச் சுற்றிய இசைதான் அந்தக் காலத்தின் பொதுமொழி. இன்னொரு தற்செயல்: அந்தப் பதினாறில் சரிபாதி, எட்டு, ஆஸ்திரேலியர்களுடையவை. பிரிஸ்பேனின் பவுடர்ஃபிங்கர் குழு 1999இலும் 2000இலும் அடுத்தடுத்து வென்றது. அதன் பாடகர் பெர்னார்ட் ஃபானிங் 2005இல் தனியாகவும் வென்றார்.

ஊர்ப்புறத்துக்கு வந்த ஒரே வழி

ராக் ஏன் அப்படி ஓங்கியது? நிர்வாணா உலகெங்கும் வீசிய அலை ஒரு காரணம். ஆஸ்திரேலியாவில் அந்த அலைக்கு ஓடுகால் வெட்டித் தந்தவை இரண்டு. ஒன்று, 1992 ஜனவரியில் சிட்னியில் தொடங்கிய பிக் டே அவுட் இசைவிழா. அதன் முதல் மேடையிலேயே நிர்வாணா வாசித்தது. அடுத்த ஆண்டுகளில் அந்த விழா நகரம் நகரமாகச் சுற்றியது. மற்றொன்று, அதே ஆண்டுகளில் ஊர்ப்புறங்களை எட்டிக்கொண்டிருந்த டிரிபிள் ஜே.

இணையம் வீடுகளுக்குள் வராத காலம். தலைநகரத்துக்குப் பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஓர் ஊரில் பதினாறு வயதுக்காரருக்கு, உள்ளூர் வணிக வானொலி போடாத பாடல் காதில் விழ வேண்டுமென்றால் டிரிபிள் ஜேதான் கதி. விளம்பரமில்லாத அரசு வானொலி என்பதால் விற்பனை எண்ணிக்கையைப் பற்றி அது கவலைப்படத் தேவையில்லை. நாடு முழுவதும் ஒரே நிகழ்ச்சி, ஒரே பாடல் வரிசை. ஆகவே ஓட்டுப் போட வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

வானொலி பாடல்களைப் பரப்பியதோடு நிற்கவில்லை, குழுக்களையே கண்டெடுத்தது. 1994இல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியோடு சேர்ந்து நடந்த ஒரு போட்டியில் நியூகாசில் நகரப் பள்ளிச் சிறுவர் மூவர் வென்றார்கள். பதினைந்து வயதைத் தாண்டாதவர்கள். டிரிபிள் ஜே தன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்து கொடுத்த அவர்களின் 'டுமாரோ' அந்த ஆண்டுத் தேர்வின் முன்வரிசையில் வந்தது. சில்வர்சேர் என்ற பெயரை அதற்குப் பிறகு யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. 1995இல் 'அன்எர்த்ட்' என்ற பெயரில் வட்டாரக் குழுக்களைத் தேடும் திட்டம் தொடங்கியது. லிஸ்மோர் ஊரின் கிரின்ஸ்பூன் அதில் வெளிப்பட்ட முதல் குழு. கேட்பவர், வாசிப்பவர், ஓட்டுப் போடுபவர் மூவரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள். அந்த வட்டத்தின் நடுவில் இருந்த கருவி கிட்டார்.

விடுபட்ட குரல்கள்

இந்த வட்டத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு: அதன் உச்சியில் பெண்குரல் அரிது. 'ஸோம்பி'யை எழுதிப் பாடியவர் டோலரஸ் ஓ'ரியர்டன். 1993இல் இங்கிலாந்தின் வாரிங்டனில் ஐரிஷ் ஆயுதக்குழு வைத்த குண்டுக்கு இரண்டு சிறுவர்கள் பலியானதைக் கண்டு எழுதியது. அந்தப் பாடல் 1994இல் வென்றது. பெண் தனிப்பாடகர் ஒருவர் முதன்முறையாக முதலிடத்துக்கு வர 2019 வரை, பில்லி ஐலிஷின் 'பேட் கை' வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் உடன்பிறப்பு அங்கஸோடு ஜூலியா ஸ்டோன் (2010) இணையாக வந்தார்; கோட்டியேயின் பாடலில் கிம்ப்ராவும் (2011), ஃப்ளூமின் பாடலில் காயும் (2016) துணைப்பெயராக வந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு அவ்வளவுதான்.

2009 ஜூலையில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த நூறு பாடல்களை நேயர்கள் தேர்ந்தபோது நிலைமை பளிச்சென்று தெரிந்தது. நிர்வாணா முதலிடம், ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் இரண்டாமிடம், ஜெஃப் பக்லி மூன்றாமிடம். நூறில் பெண் தனிப்பாடகர் ஒருவர்கூட இல்லை. அப்போது எழுந்த விவாதத்தில் நேயர்களைக் குறை சொன்னவர்கள் உண்டு, வானொலியைக் குறை சொன்னவர்களும் உண்டு. வானொலியைக் குறை சொன்னவர்கள் பக்கமே சான்று கனமாக இருக்கிறது. கேட்கக் கொடுத்ததிலிருந்துதான் கேட்டவர்கள் தேர்ந்தார்கள்.

முதல் திருப்பம்: சீரியல் பெட்டிக் குறுந்தட்டு

2010க்குப் பிந்தைய மாற்றத்தை ஸ்ட்ரீமிங் செயலிகள் மேல் சுமத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. காலக்கணக்கு அதற்கு முழுதாக இடம் கொடுக்கவில்லை. ஸ்பாட்டிஃபை ஆஸ்திரேலியாவுக்கு வந்தது 2012 மே மாதம். அதற்கு முன்பே 2010இல் அங்கஸ்–ஜூலியா ஸ்டோன் உடன்பிறப்புகளின் மெல்லிய 'பிக் ஜெட் பிளேன்' வென்றிருந்தது. 2011இல் கோட்டியே வென்றிருந்தார். 2012இல் மக்கிள்மோரின் 'திரிஃப்ட் ஷாப்' வழியாக ராப் பாடல் முதன்முறையாக உச்சிக்கு வந்தது. 2013இல் யூகலேலியோடு வந்த வான்ஸ் ஜாயின் 'ரிப்டைட்', 2014இல் செட் ஃபேக்கர், 2016இல் ஃப்ளூம்.

இந்தப் பட்டியலில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. அமெரிக்கரான மக்கிள்மோரை விட்டுவிட்டால் எல்லோரும் ஆஸ்திரேலியர்கள், டிரிபிள் ஜே வளர்த்த பிள்ளைகள். அதாவது வாசலும் காவலும் பழையவை, உள்ளே விடப்பட்ட இசைதான் புதியது. வானொலி தன் ரசனையை மாற்றிக்கொண்டது. மாற்றிக்கொள்ளக் காரணம் இசை செய்யும் செலவும் இடமும் மாறியது. நால்வர் சேர்ந்து, ஆம்ப்ளிஃபயர் வாங்கி, ஒத்திகைக்குக் கொட்டகை தேடி, மதுக்கூட மேடைகளில் ஆண்டுக்கணக்கில் வாசித்த பிறகே ஒரு ராக் குழு உருவாகும். ஃப்ளூம் என்ற சிட்னி இளைஞரோ பதின்மூன்று வயதில், காலை உணவு சீரியல் பெட்டியில் இலவசமாகக் கிடைத்த இசையமைப்பு மென்பொருள் குறுந்தட்டில் தொடங்கியவர். படுக்கையறையே ஒலிப்பதிவுக் கூடம். ராக் இசையின் சரிவைப் பற்றி எழுதப்படும் தத்துவார்த்தக் கட்டுரைகள் பலவற்றைவிட இந்தக் குறுந்தட்டு அதிகம் சொல்கிறது.

இதே நேரத்தில் பிக் டே அவுட்டும் படுத்தது. 2014க்குப் பிறகு அது நடக்கவில்லை.

இரண்டாவது திருப்பம்: காவல் தளர்ந்தது

2014 தேர்வின்போது நடந்த ஒரு சம்பவம் பழைய காவலின் கடைசிப் பெருமுழக்கம். டெய்லர் ஸ்விஃப்டின் 'ஷேக் இட் ஆஃப்' பாடலுக்கு ஓட்டுப் போடச் சொல்லி இணைய இதழொன்றின் கட்டுரையிலிருந்து ஒரு பிரசாரம் கிளம்பியது. சமூக ஊடகங்களில் தீயாய்ப் பரவியது. துரித உணவு நிறுவனமொன்றும் அதில் தன் விளம்பரத்தைச் செருகியது. டிரிபிள் ஜே அந்தப் பாடலைத் தகுதிநீக்கம் செய்தது. செய்திராவிட்டால் 12ஆம் இடம் கிடைத்திருக்கும் என்றும் தானே அறிவித்தது.

பிரசாரம் விதிமீறல் என்பது நிலையத்தின் நிலை. பொதுமக்கள் ஓட்டு என்று சொல்லிவிட்டுப் பிடிக்காத வேட்பாளரை நீக்குவது நியாயமா, பதின்ம வயதுப் பெண்களின் ரசனையென்றால் மட்டும் ஏன் இந்த இளக்காரம் என்பவை எதிர்க்கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு அன்று சரியான பதில் வரவில்லை. ஏழு ஆண்டுக்குப் பின் விகிள்ஸுக்காக ரசிகர்கள் சமூக ஊடகங்களில் ஆரவாரமாக ஓட்டுக் கேட்டபோது யாரும் தடுக்கவில்லை. வணிக நிறுவனம் உள்ளே நுழைந்ததுதான் வேறுபாடு என்று வாதிடலாம். ஆனால் 2014இல் காக்கப்பட்டது விதி மட்டுமல்ல, 'நம் இசை' என்ற எல்லைக்கோடும்தான் என்று தோன்றுகிறது.

அந்தக் கோடு நெடுநாள் தாங்கவில்லை. 2017இல் கெண்ட்ரிக் லமாரின் 'ஹம்பிள்' முதலிடம் பெற்றது; சிட்னியின் ராக் குழுவான கேங் ஆஃப் யூத்ஸ் இரண்டாமிடத்தில் நின்றது. பிறகு பில்லி ஐலிஷ், டோஜா கேட் (2023), சாப்பல் ரோன் (2024) என்று உலகெங்கும் ஒரே நேரத்தில் கைபேசியில் ஒலிக்கும் பாடல்கள் வென்றன. டிரிபிள் ஜே போட்டால்தான் கேட்க முடியும் என்ற நிலைமை போயிற்று. 2024 பட்டியலின் நூறில் ஆஸ்திரேலியப் பாடல்கள் 29 மட்டுமே. சரிந்தது ராக் மட்டுமல்ல, உள்ளூர் இசையும் கூடவே சரிந்தது. இரண்டும் ஒரே வழியை நம்பியிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆஸ்திரேலிய வாக்காளர் அமெரிக்கத் தரவரிசையின் எதிரொலி ஆகிவிட்டார் என்று இதை வைத்து முடிவுகட்டவும் முடியாது. 2020 தேர்வில் வென்ற கிளாஸ் அனிமல்ஸின் 'ஹீட் வேவ்ஸ்', அமெரிக்காவில் பில்போர்டு முதலிடத்துக்கு ஏறியது 2022 மார்ச்சில். ஆஸ்திரேலியர்கள் அதை ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே கண்டுகொண்டார்கள்.

மாற்றத்தின் இன்னொரு முகம் அரசியல். நூறு பாடல்களும் நெடுங்காலமாக ஜனவரி 26, ஆஸ்திரேலிய தினத்தன்று ஒலித்துவந்தன. வெள்ளையர் குடியேற்றத்தைக் குறிக்கும் அந்த நாள் பூர்வகுடிகளுக்குத் துக்கநாள். பூர்வகுடி ராப் இணையரான ஏ.பி. ஒரிஜினல் அந்தத் தேதியையே தலைப்பாக்கிப் பாடிய பாடல் 2016 தேர்வில் 16ஆம் இடம் பெற்றது. மறுஆண்டு நிலையம் நடத்திய கருத்துக்கணிப்பில் 60 விழுக்காட்டினர் நாளை மாற்றச் சொன்னார்கள். 2018 முதல் நிகழ்ச்சி ஜனவரி நான்காம் வார இறுதிக்கு மாறியது. கிட்டார்க் குழுக்களின் காலத்தில் எழாத கேள்வியை எழுப்பியது ராப்.

இரவல் சட்டையில் ராக்

2018இல் ஓஷன் ஆலியின் 'கான்ஃபிடன்ஸ்' வென்றதற்குப் பின் ராக் மெட்டு ஒன்று முதலிடம் ஏறியது ஒரே முறை. அது விகிள்ஸ் பாடியது. பெர்த் நகரின் டேம் இம்பாலா குழு 2012இல் வெளியிட்ட 'எலிஃபண்ட்' பாடலை எடுத்து, நடுவில் தங்கள் பழக்கலவைப் பாட்டைச் செருகி, டிரிபிள் ஜேயின் 'லைக் எ வெர்ஷன்' பகுதியில் பாடினார்கள். ஒரு குழு மற்றொருவரின் பாடலைப் பாடும் அந்தப் பகுதி 2004 முதல் நடக்கிறது. அதிலிருந்து முதலிடம் வந்தது அதுவே முதல்முறை. 1991இல் தொடங்கிய விகிள்ஸைப் பார்த்துத் தவழ்ந்தவர்கள் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்திருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2024இல் சிட்னியின் கிட்டார் இணையரான ராயல் ஓடிஸ், 2001ஆம் ஆண்டின் நடனப் பாடலான 'மர்டர் ஆன் தி டான்ஸ்ஃப்ளோரை'த் தங்கள் பாணியில் பாடி இரண்டாமிடம் பெற்றார்கள்; அதுவும் அதே பகுதியில் பிறந்ததுதான். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாடல், எல்லோருடைய பத்திலும் ஓர் இடம். பத்து ஓட்டு முறைக்கு இது வெகு பொருத்தம்.

நினைவின் ஓட்டு

2025 ஜூலையில், நிலையத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, எல்லாக் காலத்துக்குமான நூறு ஆஸ்திரேலியப் பாடல்களுக்கு ஓட்டெடுப்பு நடந்தது. இக்கட்டுரையின் வாதத்தை உரசிப்பார்க்க இதைவிட நல்ல கல் கிடைக்காது. இரண்டாமிடம் ஹில்டாப் ஹூட்ஸின் ராப் பாடலான 'தி நோஸ்பிளீட் செக்ஷன்'. 2003 தேர்வில் அதற்கு ஒன்பதாமிடம்தான் கிடைத்தது. அன்று முதலிடத்தில் இருந்த ஜெட்டின் ராக் பாடல் இம்முறை அதற்கு முன்னே வரவில்லை. மூன்றாமிடம் தி வெரோனிகாஸ் சகோதரிகளின் 'அன்டச்ட்'. 2007இல் அது வணிக வானொலிகளின் சரக்கு. அந்த ஆண்டு நூறில் அதற்கு இடமே இல்லை. காவலை அகற்றிவிட்டு, அதே நாட்டின் ஓட்டை இன்னொரு முறை எண்ணிய கணக்கு இது.

முதலிடம் மட்டும் ராக் குழுவொன்றுக்குப் போனது: ஐஎன்எக்ஸ்எஸ், 'நெவர் டேர் அஸ் அபார்ட்'. 1989இன் முதல் பட்டியலின் உச்சியில் இருந்த தலைப்பு, காதல் நம்மைப் பிரிக்கும் என்றது; 2025இன் தலைப்பு, பிரிக்கவே முடியாது என்கிறது. வாக்காளர் யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. பாடல் வெளிவந்தது 1987ஆம் ஆண்டின் 'கிக்' தொகுப்பில். பாடகர் மைக்கேல் ஹட்சென்ஸ் 1997 நவம்பரில் இறந்தார். சிட்னி தேவாலயத்திலிருந்து அவர் உடலைச் சுமந்து வந்தபோது ஒலித்ததும் இதே பாடல். அடிலெய்டில் போர்ட் அடிலெய்ட் கால்பந்துக் கழக ரசிகர்கள் 2014 முதல் ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்கு முன்பும் கழுத்துத் துண்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு இதைப் பாடுகிறார்கள். 2025இல் பதினெட்டு வயதில் இதற்கு ஓட்டுப் போட்ட ஒருவர், அந்தப் பாடகர் இறந்து ஏறக்குறைய ஒன்பதாண்டு கழித்துப் பிறந்தவர்.